பணம் கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி, சாலைக் கம்போளத்துக்குள் நுழைந்து, ஆரியசாலையைக் கடந்து கிள்ளிப்பாலம் வரையில் நடந்து செல்லும் ஒருவர், சரக்குகளின் பெருக்கத்திலும் சுமை தூக்குவோரின் ஆரவாரத்திலும் மனத்தைப் பறிகொடுத்துவிடாமல் கடைகளின் உட்புறத்தைச் சற்றே உற்று நோக்குவாரானால், மிளகாய் மண்டியானாலும், பாத்திரக் கடையானாலும், ஜவுளிக் கடையானாலும், அங்கே ஒரு மூலையில் ஒரு மேசையும், அதன் பின்னால் தலை நிமிராமல் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரும் இருப்பதைக் காண்பார். முற்காலத்தில் அது சாய்வு மேசை; இப்போது அதன்மேல் கணினி வந்து அமர்ந்திருக்கிறது. தமிழர் கணக்குப்பிள்ளை என்றும் மலையாளிகள் கணக்கப்பிள்ளை என்றும் அவரை அழைத்து வந்தனர். அவர் அன்றாடம் எழுதிய ஏட்டை நாள்வழி என்றும், ஆள்வாரியாகப் பிரித்து எழுதியதைப் பேரேடு என்றும் இரு மொழியினரும் ஒரே சொல்லால் குறித்தனர்.

இந்தக் கம்போளத்தை ஏற்படுத்திய ராஜா கேசவதாஸே கணக்கு எழுதுபவராகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார் என்பது திருவிதாங்கூரில் வழங்கிவரும் செய்தி. விளவங்கோட்டுப் பகுதியில் எளிய குடும்பமொன்றில் பிறந்த அவர், போக்கு மூசா மரைக்காயர் என்ற வணிகரின் கடையில் இளமையில் கணக்கு எழுதினார் என்றும், அங்கே வெளிப்பட்ட அவருடைய சாமர்த்தியமே கார்த்திகைத் திருநாள் ராமவர்ம மகாராஜாவின் அரண்மனைக்கு அவரைக் கொண்டு சேர்த்தது என்றும், அந்த வழியிலேயே 1789-இல் அவர் திவான் பதவியை அடைந்தார் என்றும் சொல்லுவார்கள். கணக்குப் பயிற்சி வகுப்பொன்றில் பணம் கட்டிச் சேரலாமா என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்த இந்த அத்தியாயத்தில் அவரை நான் நினைவுகூரக் காரணம் உண்டு: இந்தத் தொழில் வகுப்பறையில் பிறந்து கடைக்கு வந்ததன்று, கடையில் பிறந்து, மிகப் பிற்காலத்தில் வகுப்பறைக்குச் சென்றது. இவ்வரலாற்றை மனத்தில் இருத்திக்கொண்டவர்க்கு விளம்பரங்களைப் படிக்கும்போது மதிமயக்கம் ஏற்படுவதில்லை.

வெனிஸ் நகரத்து வர்த்தகர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த இரட்டைப் பதிவு முறையைத்தான் லூக்கா பாச்சோலி என்ற துறவி 1494-இல் அச்சிட்ட கணித நூலில் முறைப்படுத்தி எழுதினார். அவர் அதைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் அல்லர். நம்மவரிலும், பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார், தங்கள் பிள்ளைகளைப் பெட்டியடிப் பையனாகக் கடையில் அமர்த்தி, அடுத்தாளாக உயர்த்தி, பின்பே மேலாளாகப் பொறுப்பேற்கச் செய்தனர். இன்று பயிற்சி நிலையங்களின் பெயர்ப்பலகைகளிலெல்லாம் காணப்படும் டாலி மென்பொருளும், சியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் தம் மகன் பரத்திடம் சொல்லி எழுதச் செய்த காரணத்தால் 1986-இல் தோன்றியதேயாகும்.

இனி விஷயத்துக்கு வருவோம். என் தங்கை மகள் கரமனையில் இருக்கிறாள், பி.காம். தேறியவள். நகரத்திலுள்ள ஒரு பயிற்சி நிலையத்தின் அறிவிப்புத்தாளைக் கொண்டுவந்து, ஆறு மாத வகுப்பு, உத்தியோகம் நிச்சயம் என்றெல்லாம் அதில் கண்டிருந்ததைக் காட்டி, "மாமா, சேரட்டுமா வேண்டாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பதில் எதையும் சொல்லாமல், ஆரியசாலையில் மிளகாயும் மல்லியும் மொத்தமாக விற்கும் கடையொன்றில் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கணக்கு எழுதிவரும் நாஞ்சில் நாட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். கடை அடைக்கும் நேரம். பில் கம்பியில் அன்றைய சீட்டுகள் அடுக்கடுக்காகக் குத்தப்பட்டிருந்தன. மேல் சீட்டின் ஓரம் மிளகாய்த்தூள் படிந்து சிவந்திருந்தது. அவர் அவளுடைய பட்டத்தைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. கம்பியிலிருந்து ஒரு சீட்டை உருவி அவள் கையில் கொடுத்தார்.

"மக்களே, இது கோட்டாத்துல இருந்து வந்த வத்தல். இத எங்க ஏத்துவ?"

அவள், "பர்ச்சேஸ்ல, அண்ணாச்சி" என்றாள்.

"சரி. வரி?"

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லட்சம் ரூபாய்ச் சரக்கு, ஐந்து சதவிகித வரி 5,000 ரூபாய், அது ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே வரியாகக் காட்டப்பட்டிருந்தது. ஏன் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரியவில்லை என்று பெரியவர் கேட்டார். கோட்டாறு நாகர்கோவிலில் இருக்கிறது. நாகர்கோவில் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆதலால் சரக்கு மாநில எல்லையைத் தாண்டி வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தபின் அவள் சொல்லிவிட்டாள். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் அதே மூட்டை அதே வழியில் வந்திருந்தால், அது ஒரே ராஜ்யத்துக்குள் நடந்த போக்குவரத்தாகவே இருந்திருக்கும்; எல்லை பிரிந்தது, பின் 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது, இன்று அந்த மூட்டைக்குரிய கணக்கே வேறாகிவிட்டது. சாலையில் கணக்கு எழுதுபவருக்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் விஷயம். சிறுகடைக் கணக்கை மட்டுமே மாதிரியாக வைத்து நடத்தும் வகுப்பிலோ இது ஒரு மணி நேரத்தில் ஓடி மறையும் பாடம்.

பெரியவர் விடவில்லை. "அதே வத்தல ஒண்ணேகால் லச்சத்துக்கு அஞ்சாயிரம் கொறச்சு இங்க உள்ளவனுக்கே வித்தாச்சு. இப்பம் கையில இருந்து எவ்வளவு கெட்டணும்?"

வாசகரும் இதைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். 1,20,000 ரூபாய்க்குக் கேரளத்துக்குள்ளேயே விற்றால் சி.ஜி.எஸ்.டி. 3,000, எஸ்.ஜி.எஸ்.டி. 3,000 என்று மொத்தம் 6,000 ரூபாய் வரி சேருகிறது. கொள்முதலில் கொடுத்த 5,000 ரூபாய் ஐ.ஜி.எஸ்.டி.யை இதில் கழித்துக்கொள்ளலாம், வேறு ஐ.ஜி.எஸ்.டி. பாக்கி இல்லையென்றால் அத்தொகை மற்ற இரண்டு வரிகளுக்கும் நாம் விரும்பும் வரிசையில் ஈடாகும். ஆக, கையிலிருந்து கட்ட வேண்டியது 1,000 ரூபாய். ஆனால் விற்றவர் தம் விற்பனைப் பட்டியலில் இந்தச் சீட்டை ஏற்றாமல் விட்டிருந்தால், மாதந்தோறும் 14-ஆம் தேதி வாக்கில் நம் பெயரில் உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையில் அது இடம்பெறாது. இடம்பெறாத வரியைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. சீட்டு கையில் இருந்தாலும் அந்த மாதம் 6,000 ரூபாயையும் கட்டியே தீரவேண்டும். தொகையை அவள் சரியாகச் சொன்னாள். பின்னதாகிய இந்த நுட்பம் அவளுக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் கோட்டாற்றுக்குத் தொலைபேசியில் பேசி, முகம் கோணாதபடி பில்லை ஏற்றச் செய்வதும் கணக்கு எழுதுபவரின் வேலையில் ஒரு பகுதி என்று பெரியவர் சொன்னார்.

நாங்கள் வெளியே வந்தபோது அவளிடம் ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்து, தனக்குத் தெரிந்தவை, தானே படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை, ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்தினாலொழியத் தெளியாதவை என்று மூன்று பத்தியாக எழுதச் சொன்னேன். இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்பும் யோசனை இந்த மூன்றாம் பத்தியைச் சுற்றியே அமைந்தது. பயிற்சிக்குக் கொடுக்கும் பணம் மூன்றாம் பத்திக்காகக் கொடுக்கப்படுமானால் அது நியாயமான செலவு. முதல் இரண்டு பத்திகளுக்காகக் கொடுக்கப்படுமானால் அது விரயம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இரண்டாம் பத்தியில் அடங்குபவை எவ்வளவு அதிகம் என்பதைப் பலரும் உணர்வதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூல் தமிழிலேயே இருக்கிறது. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம் என்று அடிப்படை முழுவதும் அதில் அடங்கியுள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் டாலி பற்றிய பாடமும் உண்டு. மலையாளச் சூழலில் பள்ளி படித்து, வீட்டில் தமிழ் பேசி, ஆங்கிலத்தில் பட்டம் பெற்ற நம் திருவனந்தபுரத்துப் பிள்ளைகளுக்கு, பற்று எது, வரவு எது என்ற குழப்பம் தாய்மொழியில் ஒருமுறை படித்தால் தீர்ந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். டாலி மென்பொருளையும் பழகும் பொருட்டு உரிமம் வாங்காமலே கல்வி நிலையில் இயக்கலாம். அந்நிலையில் மாதத்தின் 1, 2 முதலிய ஒருசில தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய இயலும் என்பது ஒரு குறைதான் என்றாலும், கைப்பழக்கத்துக்கு அது தடையாகாது. எனவே, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம் ஒதுக்கி, ஒரு கற்பனைக் கடையின் முப்பது கொள்முதல்களையும் முப்பது விற்பனைகளையும் முதலில் நோட்டில் கையால் எழுதி, பின்பு கணினியில் ஏற்றிப் பார்ப்பதை ஒவ்வொருவரும் கட்டாயமாகச் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள்ளேயே சலிப்புத் தட்டிவிடுமாயின், இந்தத் தொழில் தமக்கு ஏற்றதன்று என்ற உண்மை செலவில்லாமல் தெரிந்துவிடும், அதுவும் லாபமே.

அடுத்தது கட்டணத்தைப் பற்றியது. கட்டணம் என்று அறிவிப்பில் காணப்படும் தொகையை உண்மைச் செலவு என்று எண்ணிவிடக் கூடாது. உதாரணமாக ஒரு வகுப்புக்கு 25,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவு பெற்ற தனியார் பயிற்சி நிலையங்கள் அதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வசூலிக்கும், ஆக 29,500 ரூபாய். வகுப்பு பகல் முழுவதும் நடப்பதாயின், அந்த ஆறு மாதங்களில் ஏதேனும் ஒரு கடையில் மாதம் 10,000 ரூபாய்க்கு வேலை பார்த்திருக்கலாமே என்ற வகையில் இழக்கும் 60,000 ரூபாயையும் சேர்க்க வேண்டும். ஆக 89,500 ரூபாய். பயிற்சியின் பயனாக மாதம் 3,000 ரூபாய் அதிகச் சம்பளம் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், போட்ட முதலைத் திரும்ப எடுக்க ஏறக்குறைய முப்பது மாதங்கள் ஆகும். அதே வகுப்பு மாலையில் நடந்து, பகலில் சிறு சம்பளத்துக்கேனும் கடையில் கணக்கு எழுத முடியுமானால், இழப்பு 29,500 ரூபாயோடு நின்றுவிடும்; பத்து மாதத்தில் முதல் கைக்கு வந்துவிடும். பகல் வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த அறிவிப்புத்தாளும் இந்த முறையில் காட்டுவதில்லை. பகலில் கடையில் கண்ட சந்தேகத்தை அன்று மாலையே ஆசிரியரிடம் கேட்கலாம் என்ற இன்னொரு நன்மையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

குறைந்த கட்டணத்திலும் கட்டணமே இல்லாமலும் இத்தகைய பயிற்சி கிடைப்பதுண்டு என்பதையும் மறக்கலாகாது. நந்தாவனத்திலுள்ள கேரள அரசின் எல்.பி.எஸ். மையம் கணினிவழிக் கணக்கியல் வகுப்புகளை நடத்துகிறது. கிராமப்புறத்து ஏழைக் குடும்ப இளைஞர்களுக்காக மத்திய அரசு ஏற்படுத்திய தீனதயாள் உபாத்தியாய கிராமீண கௌசல்ய யோஜனாத் திட்டத்தைக் கேரளத்தில் குடும்பஸ்ரீ வழியே செயல்படுத்தினார்கள். வங்கிகளின் ஆதரவில் நடக்கும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களும் கட்டணம் வாங்குவதில்லை. இவற்றின் தற்போதைய அறிவிப்புகளை நேரில் விசாரித்து அறிந்த பின்பே தனியார் நிலையத்தின் படியேறுவது உசிதம்.

தனியார் நிலையத்துக்குள் நுழைந்தபின் கேட்க வேண்டியவை பல இருப்பினும், நான் இரண்டை மட்டும் வற்புறுத்துவேன். ஒன்று, ஒரு நாள் வகுப்பில் அமர்ந்து பார்க்க அனுமதி கேட்பது. அன்று ஆசிரியர் திரையில் காட்டுவதை மாணவர்கள் தங்கள் கணினியில் அப்படியே பின்பற்றித் தட்டிக்கொண்டிருக்கிறார்களா, அல்லது கசங்கிய பில்களையும் வங்கிப் பாஸ்புத்தகத்தையும் அவர்களிடம் கொடுத்துத் தாமே பதியச் செய்து, பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டுகிறாரா என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டுகொள்ளலாம். முதல் வகையான வகுப்பில் எல்லோருடைய இருப்பாய்வும் எப்போதும் சரியாகவே வரும். கணக்கு ஒருநாளும் உதைக்காத வகுப்பில் கற்றவர், கடையில் முதன்முறை உதைக்கும்போது செய்வதறியாமல் திகைப்பார். மற்றொன்று, முந்திய ஆண்டில் அங்கே பயின்று வேலைக்குச் சென்ற இருவரையேனும் சந்திக்க வேண்டும் என்று கேட்பது. சந்திக்கும்போது, வேலை கிடைத்ததா என்பதோடு, அந்த வேலை கணக்கு எழுதும் வேலைதானா, அன்றி பில் அடிக்கும் வேலையா என்பதையும் தெளிவாக விசாரிக்க வேண்டும்.

உத்தியோகம் நிச்சயம் என்ற வாக்குறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வாக்குறுதி உண்மையானால் அதை எழுத்தில் தருவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கக் காரணமில்லை. நடுவில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அவ்வாறே எழுத்தில் இருக்க வேண்டும். பயிற்சி நிலையங்களின் பொய்யான வேலை உத்தரவாதங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்டிருக்கிறது. முறையீடு செய்ய விரும்புவோர் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். ஆயினும் பணம் போனபின் முறையிடுவது நீண்ட வழி. தவணையாகக் கட்ட ஒப்புக்கொள்ளும் நிலையத்தைத் தேர்ந்துகொள்வது குறுகிய வழி. கட்டணம் முழுவதையும் முதல் நாளிலேயே கேட்பவரிடம் நான் என் குடும்பத்துப் பிள்ளை எவரையும் அனுப்பமாட்டேன்.

சான்றிதழின் மதிப்பையும் அளவறிந்து கொள்ள வேண்டும். குறுகிய காலப் பயிற்சி எதுவும் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் யோக்கியதையைத் தராது. அது பட்டயக் கணக்காளருக்கே உரியது. ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிந்து நீடிக்க விரும்பும் பட்டதாரிகளும் அதற்கென்று நாசின் அமைப்பு நடத்தும் பரீட்சையில் தேறவேண்டுமேயன்றி, தனியார் நிலையத்துச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. பெரிய கம்பெனிகளில் முதற்கட்டத் தேர்வின்போது சான்றிதழைப் பார்க்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே டெக்னோபார்க் முதலிய இடங்களை நாடுவோர்க்கு அதனால் ஓரளவு பிரயோஜனம் உண்டு. சாலையைப் போன்ற கடைத்தெருவை நாடுவோருக்கோ, தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசும், முதல் வாரத்தில் கணக்கைச் சரியாக முடித்துக் கொடுத்த பெயரும் அதைவிட அதிகம் உதவும். கணவர் வெளிநாட்டில் இருக்க வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு, பத்து வருஷம் இடைவெளி விட்டபின் மீண்டும் தொழிலுக்கு வர விரும்பும் பெண்கள் இந்த நகரத்தில் அநேகர் உண்டு; அவர்கள் விஷயத்தில் என் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். தன்னம்பிக்கையை மீட்டுக்கொள்ளவும், மாறிவிட்ட வரிமுறையை ஒழுங்காக அறியவும், தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தை வீட்டார் மதிக்கும்படி தமக்கென ஒதுக்கிக்கொள்ளவும் பணம் கட்டிய வகுப்பு அவர்களுக்கு உதவுமாயின், அந்தச் செலவை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

என் மருமகளின் காகிதத்தில் மூன்றாம் பத்தி ஐந்தே வரிகளாக அமைந்தது. ஜி.எஸ்.டி. அறிக்கையோடு கொள்முதலை ஒத்துப்பார்ப்பது, லாரி வாடகைக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரி கட்டுவது, வங்கிக் கணக்கைச் சரிகட்டுவது, சம்பளப் பதிவுகள், வருஷக் கடைசியில் கணக்கு முடிப்பது என்பன அவை. இந்த ஐந்தையும் உண்மையான பில்களை வைத்துக் கற்பிப்பதாக ஒப்புக்கொண்ட ஒரு மாலை வகுப்பில், ஆறு மாதப் பயிற்சிக்குப் பதிலாக இரண்டு மாதப் பயிற்சிக்கு, இரண்டு தவணையில் பணம் கட்டினாள். பகலில் பெரியவரின் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி கிடைத்தது.

அங்கே சேர்ந்த மூன்றாம் வாரத்தில் ஒருநாள் ரொக்கக் கணக்கில் 270 ரூபாய் இடித்தது. ஒவ்வொரு சீட்டாக முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கியவளைப் பெரியவர் நிறுத்தி, "ஒம்பதால வகுத்துப் பாரு, மக்களே" என்றார். மீதியில்லாமல் 30 வந்தது. ஒன்பதால் மீதியின்றி வகுபடும் வித்தியாசம் பெரும்பாலும் இலக்கங்கள் இடம் மாறிப்போனதால் வருவது என்று சொல்லி, பத்துக்கும் நூறுக்கும் உரிய இடங்களில் மூன்று வித்தியாசப்படும் இலக்கங்களை மட்டும் தேடச் சொன்னார். பதினொன்றாவது சீட்டில் அது அகப்பட்டது. 1,630 என்று இருந்ததை அவளே காலையில் 1,360 என்று ஏற்றியிருந்தாள். அதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இட்டுவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.